ஃப்ரீ த்ரோவுக்கு நட்சத்திரம் கேட்ட கதை

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஏதாவது ஒன்றில் மனது முழுதாக இறங்கிவிட்டால் நான் யார், என்ன வயது, எந்த வீட்டுப் பிள்ளை என்பதெல்லாம் சுத்தமாக மறந்துபோகும். தையலிலோ சமையலிலோ இறங்கியிருந்தால் அம்மா சந்தோஷப்பட்டிருப்பார். நான் இறங்கியது கூடைப்பந்தில். அதுவும் விளையாடுவதில் இல்லை (பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடியபோது நான் எறிந்த பந்து அதிபரின் மேசை வரைக்கும் போனது, அதோடு சரி). விளையாடுகிறவர்களைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவதில்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் வேலை. நாலரை மணிக்குக் கடையை விட்டால் நேரே தொழிற்கல்லூரி மைதானம். கூடைப்பந்துத் தளத்தின் ஓரத்தில் ஐந்து சிமெந்துப் படிகள் உண்டு. மேல் படி எங்களுடையது. எங்களுடையது என்றால் மூன்று பேருடையது: நான், கே.பி. மாமா, சந்திரன் அண்ணன். மூவரில் ஒருவருக்கும் அந்தக் கல்லூரியோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. அங்கே படித்ததும் இல்லை, படிப்பித்ததும் இல்லை. ஆனால் அந்த அணியை நாங்கள்தான் நடத்துகிறோம் என்று மனதார நம்பினோம்.

கே.பி. மாமா பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். கொழுந்து நிறுத்துப் பேர் போட்டுப் பழகிய கை சும்மா இருக்காது. நீளமான நோட்டு ஒன்றில் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு வரி ஒதுக்கி வைத்திருந்தார். நன்றாக ஆடினால் முழுப் பேர், அதாவது தோட்டத்தில் ஒரு முழு நாள் சம்பளத்துக்கான பதிவு. சுமாராக ஆடினால், சொன்ன நிறைக்குக் கொழுந்து பறிக்காதவர்களுக்குப் போடுவதைப்போல, அரைப் பேர். சந்திரன் அண்ணன் ஆட்டோவில் பாண், பணிஸ் என்று ரொட்டி வகைகள் விற்கிறவர். அந்த ஆட்டோ ஒரே மெட்டை வாசித்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றும். நம் பையன்கள் முக்கியமான கூடை ஒன்றைப் போட்டால் மைதானத்து வாசலில் நிற்கும் ஆட்டோவிடம் ஓடிப்போய் அந்த மெட்டை ஒரு தடவை அடித்துவிட்டு வருவார் (நடுவர் இரண்டு முறை எச்சரித்திருக்கிறார்).

எங்கள் மூவருடைய கவலைக்கும் கனவுக்கும் ஒரே பெயர்தான். யோகராஜ். பதினொன்றாம் நம்பர். தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பையன், இருபத்திரண்டு வயது, ஆறடிக்கு மேலே உயரம், இடது கைக்காரன். லயத்து வீட்டின் தாழ்ந்த வாசலில் குனிந்து குனிந்து பழகியதால் மைதானத்துக்குள் வரும்போதுகூட இல்லாத வாசல் ஒன்றுக்குக் குனிந்துதான் வருவான். ஓடினால் நிற்பாட்ட முடியாது. எகிறினால் பிடிக்க முடியாது. ஆனால் ஃப்ரீ த்ரோ என்று வந்துவிட்டால் முடிந்தது. எதிராளி தள்ளிவிட்டதற்காகக் கிடைக்கிற இலவச வாய்ப்பு அது. யாரும் மறிக்க மாட்டார்கள், நின்ற இடத்தில் நின்று நிதானமாக எறியலாம். அந்த நிதானம்தான் அவனுக்கு ஆகாது.

"முழங்கைதான் மாமா பிரச்சின. எறியிறப்ப வெளிப்பக்கம் போகுது," என்பேன் நான்.

"முழங்கை எல்லாருக்குந்தான் இருக்கு. பயலுக்கு நேரம் சரியில்லம்மா," என்பார் கே.பி. மாமா.

"ரெண்டும் இல்ல. வயித்துல ஒண்ணும் இல்ல. ரெண்டு மாலு பாணக் குடுத்துட்டு எறியச் சொல்லிப் பாருங்க," என்பார் சந்திரன் அண்ணன். (மாலு பாண் என்றால் மீன் அடைத்த பணிஸ்.) உலகத்தில் எந்தக் குறைக்கும் அவரிடம் பாண்தான் மருந்து.

அந்த வருடத்தின் கடைசி ஆட்டம் பண்டாரவளைக்காரர்களோடு. ஒரு புள்ளி பின்னால் நிற்கிறோம். நேரம் முடிகிற தறுவாயில் யோகராஜுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது வளையத்தில் பட்டு வெளியே வந்தது. இரண்டாவது வளையத்தைப் பார்க்கவே இல்லை. நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தேன். "யாரும் செத்துட்டாங்களா?" என்று அம்மா கேட்டார். கிட்டத்தட்ட என்றேன்.

ஆட்டம் முடிந்தால் எங்களுக்கு வேலை முடிவதில்லை. உண்மையில் அப்போதுதான் தொடங்கும். அடுத்த சீசனில் தலைவன் யார், யாரை உள்ளே நிறுத்துவது, யாரை வெளியிலிருந்து எறிய விடுவது என்று ஆளில்லாத தளத்தைப் பார்த்துக்கொண்டே தினமும் இருட்டும் வரைக்கும் பேசுவோம். அப்படி ஒரு மாலையில்தான் சந்திரன் அண்ணன் அந்தச் செய்தியைக் கொண்டு வந்தார்.

"பதினோராம் நம்பர் கொழும்புக்குப் போறானாம். மச்சான்காரன் ஹோட்டல்ல வேல பாத்து வச்சிருக்கான். மாசக் கடைசியில கெளம்புறானாம். அந்த ரெண்டு எறிய விட்டதுல பயலுக்கு மனசே விட்டுப்போச்சு. இனி பந்தத் தொட மாட்டேன்னு சொல்லிட்டுத் திரியிறானாம்."

என் கையிலிருந்த ப்ளேன்டீ ஆறியே போய்விட்டது. அவன் போனால் அடுத்த சீசன் இல்லை. அடுத்த சீசன் இல்லையென்றால் எனக்கு நாலரை மணிக்குப் பிறகு வாழ்க்கை இல்லை. இது மிகைப்படுத்தல் என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு அது எனக்கு அப்பட்டமான உண்மை.

கே.பி. மாமா நோட்டை மூடினார். "கோயில்ல அவன் பேருக்கு ஒரு அர்ச்சன பண்ணிருவோம். அந்த எறியும் சரியாகும், போற எண்ணமும் மாறும்."

எனக்கு அதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. என் நம்பிக்கை முழங்கையில். ஆனாலும் பயம் வந்தால் மனுஷி எதைத்தான் வேண்டாம் என்பாள்? அர்ச்சனைக்குச் சம்மதித்தால் நோட்டில் முழங்கைக்கென்று தனியாக ஒரு கட்டம் போட வேண்டும் என்று பேரம் பேசினேன். மாமா ஒத்துக்கொண்டார். பிறகுதான் சிக்கல் வந்தது. நட்சத்திரம் வேண்டும். நட்சத்திரம் சொல்லாமல் அர்ச்சனை செய்வது முகவரி எழுதாமல் கடுதாசி போடுவதைப் போல என்பது மாமாவின் கட்சி. பையனிடம் கேட்கக் கூடாது, கேட்டால் இன்னும் நடுங்குவான். வீட்டில்தான் கேட்க வேண்டும்.

"நான் கேக்க முடியாது தங்கச்சி," என்றார் சந்திரன் அண்ணன். "எனக்கு மூணு பொம்பளப் புள்ளைங்க. பையனோட நட்சத்திரத்தக் கேட்டா மாப்புள பாக்குறேன்னு நெனச்சிருவாங்க."

"எனக்கும் கல்யாண வயசுல ஒரு பேத்தி இருக்கு," என்றார் மாமா. "கேட்டா வம்பாப் போயிரும்."

எனக்கு மகளும் இல்லை, பேத்தியும் இல்லை. ஆகவே கேட்பதற்கு மிகப் பொருத்தமான ஆள் நான்தான் என்று மூன்று பேரும் ஏகமனதாக முடிவு செய்தோம். அதில் ஒரு ஓட்டை இருப்பது மூன்று மண்டையில் ஒன்றுக்கும் உறைக்கவில்லை.

தொலைபேசி எண் கிடைத்த விதத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போன மாதம் யோகராஜ் ஏதோ விண்ணப்பம் ஒன்றைக் கொப்பி எடுக்க எங்கள் கடைக்கு வந்திருந்தான். மங்கலாக விழுந்த ஒரு கொப்பியைக் கழித்துக் கூடையில் போட்டிருந்தேன். அதைத் தேடி எடுத்து வீட்டு நம்பரைக் குறித்துக்கொண்டேன். தப்புதான். அதற்கான தண்டனை வட்டியோடு வந்து சேர்ந்தது.

வியாழக்கிழமை மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து எடுத்தேன்.

"ஹலோ, யோகராஜோட அம்மாவாங்க?"

"ஆமா. யாரு பேசுறது?"

"பதுளையிலருந்து மாலினி பேசுறேங்க. ஒரு சின்ன விசயம். யோகராஜோட நட்சத்திரம் என்னான்னு தெரிஞ்சிக்கணும்."

அந்தப் பக்கம் பின்னால் எங்கோ குழாயில் தண்ணீர் குடத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏம்மா, நீ யாரு வூட்டுப் புள்ள?"

நியாயமான கேள்வி, யாரென்று தெரியாமல் எப்படிச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு, "பசற ரோட்டுல சில்லறக் கட வச்சிருக்கிற செல்லையாவோட மகளுங்க," என்றேன்.

"படிச்சிருக்கியா?"

"ஏ லெவல் முடிச்சிருக்கேங்க."

"கூடப் பொறந்தவங்க?"

"யாரும் இல்லீங்க. நான் ஒரே புள்ள." (ஒரு அர்ச்சனைக்கு இவ்வளவு விசாரணையா, எவ்வளவு கவனமான குடும்பம் என்று நான் வியந்தது நிஜம்.)

"எங்க மகன ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெனமும் பாப்பேங்க. ரெண்டு வருசமா. கிரவுண்டுல." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அவரு கொழும்புக்குப் போகக் கூடாதுங்க. இங்கயே இருக்கணும். அதுக்காகத்தான் கோயில்ல அர்ச்சன பண்ணணும்னு..."

இதை எழுதும்போது இப்போதும் என் காது சூடாகிறது.

அந்த அம்மாவின் குரல் அப்படியே இளகிவிட்டது. "அவன் ஒரு வார்த்த சொல்லலியே."

"அவருக்குத் தெரியாதுங்க. தெரியவும் வேணாம்."

"சரிம்மா. இதெல்லாம் ஃபோன்ல சொல்ற விசயமில்ல. ஞாயித்துக்கெழம நாள் நல்லாருக்கு. நாங்க நேர்லயே வந்து சொல்றோம்."

ஒரு நட்சத்திரத்தைச் சொல்வதற்கு தெமோதரையிலிருந்து பஸ் ஏறி வருகிறார்களே, என்ன பண்பான மனிதர்கள் என்று நெகிழ்ந்துபோய்ப் போனை வைத்தேன்.

அன்று மாலை மேல் படியில் வைத்து இதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். கேட்டுக்கொண்டே எழுதிக்கொண்டிருந்த கே.பி. மாமாவின் பேனா பாதியில் நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார், புதிதாகப் பார்க்கிற மாதிரி.

"ஏம்மா, நீயும் ஒரு பொம்பளப் புள்ளதானே?"

அதுவரைக்கும் அது எனக்கு ஞாபகம் இல்லை. சத்தியமாக இல்லை. அந்தப் படியில் ஏறி உட்கார்ந்தால் நான் வெறும் அபிப்பிராயம், அவ்வளவுதான். சந்திரன் அண்ணன் விற்க வைத்திருந்த பணிஸ் ஒன்றை எடுத்துத் தானே சாப்பிடத் தொடங்கினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. நிலைமை எவ்வளவு மோசம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்த இரண்டு நாளும் நான் பட்ட பாட்டை என் எதிரியும் படக் கூடாது. திரும்ப எடுத்தால் அந்த நம்பர் வேலை செய்யவில்லை. நேரே யோகராஜிடம் சொல்லிவிடுவோம் என்று வெள்ளிக்கிழமை மைதானத்துக்குப் போனேன். இனிப் பந்தைத் தொட மாட்டேன் என்றவன் அன்றைக்குத் தனியாக நின்று எறிந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். பார்த்துச் சிரித்தான். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக. சிரித்துக்கொண்டே எறிந்த பந்து பலகைக்கு மேலால் போய் வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. அடுத்த எட்டும் அப்படித்தான். அவனைக் குணப்படுத்தப் போன நான் மிச்சம் இருந்ததையும் கெடுத்துவிட்டேன். சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "முழங்கைய உள்ள வைங்க." சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். கடையில் கொப்பிக்குக் காசு சொன்னதைக் கழித்துவிட்டால், நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது.

வீட்டில் சொல்ல வேண்டும். சனிக்கிழமை முழுக்க அம்மாவின் பின்னாலேயே திரிந்தேன். அம்மா தேங்காய் துருவினால் பக்கத்தில் நின்றேன், துணி காயப்போட்டால் பக்கத்தில் நின்றேன். "என்னாடி, காசு வேணுமா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அப்பாவிடம் சொல்வது நடக்காத காரியம். அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவார், அதில் எட்டு கடையில் வருகிறவர்களோடு. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு, "அம்மா, கொஞ்சப் பேர் வருவாங்க, கூடப்பந்து விசயமா," என்றேன். அது பொய் இல்லை. "வரட்டும், பிஸ்கட் இருக்கு," என்றார் அம்மா.

பத்து மணிக்கு வந்தார்கள். நான்கு பேர். யோகராஜின் அம்மா, அவருடைய அண்ணன் (ஓய்வு பெற்ற கங்காணி, வெள்ளை மீசை, தோளில் துண்டு), அண்ணனின் மனைவி, பின்னால் இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் யோகராஜ். எங்கள் வாசல் உயரமானது, ஆனாலும் குனிந்துதான் நுழைந்தான். கங்காணியின் மனைவி கையில் தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், வாழைப்பழம், மஞ்சள் பளபளக்கும் எலுமிச்சம்பழங்கள், பூ.

அம்மா தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒங்க மக ஃபோன் பண்ணியிருந்துச்சுங்க," என்று கங்காணி தொடங்கினார். "பையனோட நட்சத்திரத்தக் கேட்டுச்சு. பொம்பளப் புள்ள வாய்விட்டுக் கேக்குறதுன்னா சும்மா இல்ல. அதான் மொறையா வந்துட்டோம்."

அம்மா என்னைக் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தார். "எத்தன நாளா நடக்குது இது?"

"ஒண்ணும் நடக்கலம்மா. ஃப்ரீ த்ரோவுக்காகக் கேட்டேன்."

"என்னாவுக்காக?"

விளக்கத் தொடங்கினேன். கோடு, வளையம், முழங்கை, பண்டாரவளை, ஒரு புள்ளி. அம்மா கண் இமைக்காமல் கேட்டுவிட்டுத் தேநீர்த் தட்டை என் கையில் திணித்தார். "இத நீயே போய் அவங்ககிட்ட சொல்லு."

தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். எல்லோருக்கும் கோப்பையில் பாதி, தட்டில் பாதியாகத் தேநீர் கிடைத்தது. நடுவில் நின்றுகொண்டு சொன்னேன். எல்லாவற்றையும். அர்ச்சனை, குப்பைக் கூடையில் எடுத்த நம்பர், எல்லாமும். எனக்கு மகளோ பேத்தியோ இல்லாததால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்கிற இடம் வந்தபோது கங்காணியின் மீசை துடித்தது. சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை.

யோகராஜின் அம்மா தன் சேலைத் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மடிப்புக் கலையாத புதுச் சேலை.

"நீ ஃபோன் பண்ணப்ப நான் அழுதுட்டேன்மா," என்றார் மெதுவாக. "சந்தோசத்துல. அவங்கப்பா போனதுக்கப்புறம் வூட்ல நானும் இவனுந்தான். போகாதடான்னு நான் சொன்னா கேக்க மாட்டான். ஒரு புள்ள சொன்னா கேப்பான், இங்கயே நிப்பான்னு நெனச்சேன்."

எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்தால் தேவலை என்றிருந்தது. எங்கள் படியில் உட்கார்ந்து அவனை அடுத்த சீசனுக்கு மட்டும் கணக்கில் எடுத்திருந்தோம். அவனை அனுப்ப மனமில்லாத ஒருத்தி தெமோதரையில் இருப்பதை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது.

யோகராஜ் எழுந்தான். முகம் சிவந்திருந்தது. "வாங்கம்மா, போவோம். நான் எறியிறது அவ்வளவு மோசம்னு ஊரே கோயிலுக்குப் போகுது."

அந்த நேரம் பார்த்து வாசலில் பாண் ஆட்டோவின் மெட்டு கேட்டது.

சந்திரன் அண்ணன் ஓட்ட, பின்னால் பாண் பெட்டியோடு பெட்டியாகக் கே.பி. மாமா. என்னைக் காப்பாற்ற வந்திருக்கிறார்களாம். மாமா நோட்டும் கையுமாக இறங்கி உள்ளே வந்து, "தப்பு எங்க மேலதாங்க, புள்ள மேல இல்ல," என்றார். கங்காணி அந்த நீள நோட்டைப் பார்த்தார். அது என்ன மாதிரி நோட்டு என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எந்தத் தோட்டத்துல பேர் போட்டீங்க?" என்று கேட்டார்.

மாமா சொன்னார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையை அசைத்துக்கொண்டார்கள். "இவன் வரியப் படிங்க," என்றார் கங்காணி, யோகராஜைக் காட்டி.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெரட்டுக்களத்தில் காலையில் பெயர் கூப்பிடும் அதே குரலில் படித்தார். "மொதல் வருசம். அரப் பேரு, அரப் பேரு, வரல்ல, அரப் பேரு." யோகராஜின் தலை தாழ்ந்துகொண்டே போனது. "ரெண்டாம் வருசம். அரப் பேரு, முழுப் பேரு, முழுப் பேரு..." பக்கத்தைத் திருப்பினார். "கடேசி ஏழு ஆட்டமும் முழுப் பேரு."

யோகராஜ் நிமிர்ந்தான். "பண்டாரவள மேட்சுக்குமா?"

"அதுக்குந்தான்."

"அந்த ரெண்டையும் நான் விட்டேனே."

"மத்த மூணு பேர் சேந்து போட்டத நீ ஒருத்தன் போட்டிருக்க. ரெண்டு விட்டதுக்காக அரப் பேரு போடுவேனா? முப்பது வருசம் பேர் போட்டவன் தம்பி நான்."

அவன் திரும்பவும் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்தான். பிறகு எங்கள் மூவரையும் பார்த்துக் கேட்டான்: "அப்படின்னா அடுத்த சீசன்ல நான் வளையத்துக்குக் கிட்ட நின்னு ஆடணுமா, வெளிய நின்னு ஆடணுமா?"

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு ஆட்டக்காரன் எங்களிடம் அபிப்பிராயம் கேட்கிறான். அதற்கு மேல் எங்களை யார் பிடிப்பது? "கிட்ட!" என்றார் மாமா. "வெளிய!" என்றேன் நான். "மொதல்ல சாப்பிடணும்!" என்றார் சந்திரன் அண்ணன். இவ்வளவு உயரத்தை வெளியே நிறுத்துவது அநியாயம் என்று மாமா கத்த, அந்த வேகத்தை உள்ளே அடைப்பது பாவம் என்று நான் கத்த, பெண் பார்க்க வந்த வீட்டில் பெண்ணே மேசையைத் தட்டிச் சண்டை போட்டதை அந்தத் தெரு பார்த்திருக்காது. இடையில் கங்காணியும் புகுந்து, பையனின் அப்பாவுக்கும் இதே இடது கைதான், அவரும் கல் எறிந்தால் படாது என்று ஒரு தகவலைச் சேர்த்தார்.

அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். அந்த நாளின் முதல் வாக்கியம். "தம்பி, அந்த முழங்கைய ஒரு தடவ காட்டுங்க பாப்போம்."

சொல்லிவிட்டு அவரே எழுந்து மரக்கறிக் கூடையை எடுத்து வந்து சந்திரன் அண்ணனிடம் கொடுத்து, தலைக்கு மேலே பிடிக்கச் சொன்னார். யோகராஜ் தாம்பாளத்திலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தான். எறிந்தான். அது அம்மாவின் கண்ணாடி அலுமாரியில் பட்டு ஒரு பீங்கான் குருவியின் வாலை உடைத்துக்கொண்டு போனது. "ஐயோ!" என்றார் அம்மா. நான் என்னை மறந்து பக்கத்தில் போய், "உள்ள, உள்ள, ஒடம்போட ஒட்டி," என்று முழங்கையைக் காட்டினேன். இரண்டாவது எலுமிச்சம்பழம் உயரமாகப் போய் நேராகக் கூடைக்குள் விழுந்தது.

வாசலுக்கு ஓடி அந்த மெட்டை அடிக்காமல் இருக்கச் சந்திரன் அண்ணன் எவ்வளவு சிரமப்பட்டார் என்று அவருடைய முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மாமா நோட்டில் எதையோ குறித்தார்.

யோகராஜின் அம்மா என் அம்மாவின் பக்கம் சாய்ந்து கேட்டார்: "இந்தச் சண்ட எல்லாம் எங்க பையனுக்காகவா?"

"தெனமும் இப்படித்தான் போலங்க. எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும்," என்றார் அம்மா.

புறப்படும்போது அவர்கள் தட்டைக் காலியாகத்தான் எடுத்துப் போனார்கள். கொண்டு வந்ததைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்று பழம், தேங்காய் எல்லாம் எங்கள் வீட்டில் இறங்கின. செருப்பைப் போட்டுக்கொண்டு படியில் நின்று அந்த அம்மா என் கன்னத்தைத் தொட்டார்.

"உத்திராடம். போயி அர்ச்சன பண்ணு. எனக்கும் சேத்து."

மாசக் கடைசியில் யோகராஜ் கொழும்புக்குப் போகவில்லை. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று மச்சானிடம் சொல்லிவிட்டானாம். அர்ச்சனையாலா, நோட்டாலா, அவன் அம்மாவின் சேலை மடிப்பாலா என்று நாங்கள் மூவரும் மேல் படியில் ஒரு மாதம் விவாதித்தோம். முடிவு வரவில்லை. அடுத்த சீசனில் ஃப்ரீ த்ரோவில் பத்துக்கு நான்கு போட்டான் (முந்தைய வருடம் மூன்று). அரையிறுதி வரை போய்ப் பண்டாரவளையிடம் மறுபடியும் தோற்றோம். ஆனால் மேல் படியில் இப்போது நான்கு பேர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கெல்லாம் அவனுடைய அம்மா பஸ் ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "மருமகளே, இப்ப எதுக்கு விசில் ஊதுறான்?" என்று மைதானம் முழுக்கக் கேட்கக் கேட்பார். அவன் பிறகு ஹாலிஎலப் பக்கம் ஒரு நல்ல பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். கல்யாண வீட்டில் புது மருமகளிடம் என்னை அவர் அறிமுகப்படுத்தியது இப்படி: "இதுதான் மொதல்ல பாத்த பொண்ணு. எலுமிச்சம்பழத்துல பாஸாகிருச்சு, கல்யாணத்துலதான் விட்டுட்டோம்."

வாலில்லாத பீங்கான் குருவி இன்னும் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. யார் வந்து கேட்டாலும் அம்மா முழுக் கதையையும் சொல்லுவார்.

மூன்று வருடத்துக்குப் பிறகு எனக்கும் ஒரு வரன் வந்தது. ஊர்தான் பண்டாரவளை (விதி யாரை விட்டது). மாப்பிள்ளையின் அப்பா வீட்டுக்குப் போன் பண்ணி, மரியாதையாக, பெண்ணின் நட்சத்திரம் என்னவென்று கேட்டார். போனை எடுத்தது என் அப்பா. வாழ்நாளில் ஒரு பகிடி விட்டறியாத மனிதர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மிகவும் நிதானமாகக் கேட்டார்:

"கல்யாணத்துக்குத்தான் கேக்குறீங்களா? இல்ல, பையனுக்கு ஏதும் மேட்ச் இருக்கா?"

அந்தப் பக்கத்திலிருந்து என் மாமனார், பாவம், அதே நிதானத்தோடு பதில் சொன்னார்:

"மேட்ச் ஒண்ணும் இல்லீங்க. கல்யாணம் மட்டுந்தான்."